பைப்பிடமே கேட்டிருக்கலாம்

எரிவாயுக் குழாயில் ஒரு குறை இருக்கிறது, அது உடையுமா, உடையாதென்றால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் வாரமே சூத்திரங்களைக் கேட்பார்கள். சூத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் சான் புரூனோ விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011இல் வெளியிட்டது. இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அதைப் படிக்கப் பொறுமை இருக்காது. அதனால் அதில் உள்ளதையும், அதை வைத்து நான் சொல்ல நினைப்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சான் புரூனோ கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை ஒட்டிய ஊர். 2010 செப்டம்பர் 9, மாலை 6 மணி 11 நிமிடம். ஏர்ல் அவென்யூவும் கிளென்வியூ டிரைவும் சேரும் முனையில், தெருவுக்கு அடியில் ஓடிய 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்துத் திறந்தது. ஏறக்குறைய 28 அடி நீளமும் 3,000 பவுண்டு எடையும் உள்ள ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பி 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. அது புதைந்திருந்த இடத்தில் 72 அடி நீளம், 26 அடி அகலத்துக்குப் பள்ளம். வெளியே வந்த வாயு பற்றிக்கொண்டது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் முழுதாக எரிந்தன, இன்னும் 70 வீடுகளுக்குச் சேதம். விமானம் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். தண்ணீர்க் குழாயும் சேர்ந்து உடைந்ததால் பக்கத்துத் தீயணைப்பு ஹைட்ரண்டுகளில் தண்ணீர் வரவில்லை. தானாக மூடிக்கொள்ளும் வால்வோ, தூரத்திலிருந்து மூடக்கூடிய வால்வோ அங்கே இல்லை. ஆட்கள் வண்டி எடுத்துப் போய்க் கையால் மூடி வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. அதற்குள் 4 கோடியே 76 லட்சம் கன அடி வாயு வெளியேறிவிட்டது.

குழாயின் பெயர் லைன் 132. தெற்கே மில்பிடாஸ் முனையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போகிறது. சொந்தக்காரர் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், சுருக்கமாக பி.ஜி. அண்ட் இ. வெடித்த இடத்தில் 1948இல் போட்ட குழாயை, அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியபோது 1956இல் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் கணினியில் அந்தப் பகுதிக்கு எதிரே இருந்த விவரம் இதுதான்: விட்டம் 30 அங்குலம், சுவர்க் கனம் 0.375 அங்குலம், எக்ஸ்42 தர எஃகு, சீம்லெஸ்.

சீம்லெஸ் என்றால், உருளையான எஃகுக் கட்டியைச் சூட்டில் துளைத்து இழுத்துச் செய்த பைப். நீளவாக்கில் வெல்டிங்கே இருக்காது. தகட்டை வளைத்து விளிம்புகளை வெல்டு பண்ணிச் செய்கிற பைப்புக்குத்தான் நீளச் சீம் உண்டு. சரி, பள்ளத்திலிருந்து எடுத்துப் பார்த்தபோது என்ன இருந்தது? அங்கே ஓடியது வெல்டு செய்த பைப். அதுவும் ஒரே பைப் இல்லை. சுமார் 4 அடி நீளமுள்ள ஆறு குட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தார்கள். சைட்டில் இந்த மாதிரித் துண்டை 'பப்' என்பார்கள். ஆறில் ஐந்து, 1956ஆம் வருடத்தின் தரத்துக்கே தேறாதவை. சிலவற்றின் எஃகு எக்ஸ்42 பலத்துக்குக்கூட வரவில்லை. முதல் துண்டின் சீம்தான் எல்லாவற்றிலும் மோசம். முறையான பைப் மில்லில் நீளச் சீமுக்கு உள்ளே ஒரு பாஸ் (ஒரு தடவை வெல்டு ஓட்டுவது), வெளியே ஒரு பாஸ் போடுவார்கள், இரண்டும் நடுவில் சந்தித்துச் சுவர் முழுக்க உருகிச் சேரும். இந்தத் துண்டில் வெளியே மட்டும் போட்டிருந்தார்கள். உள்பக்கம் சுவரின் ஏறக்குறையப் பாதிக் கனத்துக்கு இரண்டு விளிம்புகளும் சேராமல் சும்மா எதிரெதிரே நின்றன. போதாக்குறைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வெல்டையும் கிரைண்டர் வைத்து மட்டமாக்கியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்திருக்கும். இந்தத் துண்டுகளைச் செய்தது எந்த மில், எந்தப் பட்டறை என்று விசாரணையாளர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

'சீம்லெஸ்' எங்கிருந்து வந்தது? இன்ஜினீயரிங் பிரிவின் ஆவணங்களிலிருந்து வரவில்லை, கணக்குப் பிரிவின் பதிவுகளிலிருந்து வந்தது. அங்கிருந்து சர்வே தாளுக்கு, சர்வே தாளிலிருந்து கணினி வரைபடத்துக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் அது இன்னும் கொஞ்சம் உறுதியான உண்மை மாதிரித் தோற்றம் பெற்றது. இத்தனைக்கும் 1956இல் அமெரிக்காவில் 30 அங்குல சீம்லெஸ் பைப் யாரும் செய்து விற்கவில்லை. பைப் வியாபாரத்தில் கொஞ்சம் பழகியவர் அந்த வரியைப் பார்த்திருந்தாலே புருவத்தைத் தூக்கியிருப்பார். பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம்.

வெடித்த நேரத்தில் உள்ளே இருந்த அழுத்தம் 386 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. குழாய்ச் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவுக்கு, அதாவது சுவரின் ஒரு சதுர அங்குலத்தில் விழும் விசைக்கு, பார்லோ சூத்திரம் போதும்: அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, கனத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 15,440 வருகிறது. எக்ஸ்42 எஃகு இளக ஆரம்பிப்பது 42,000இல். ஆக, 37 சதவீதம்தான் பயன்பாட்டில் இருந்தது. வீடுகள் நெருங்கியிருக்கும் அந்த மாதிரிப் பகுதியில் 50 சதவீதம் வரை வடிவமைப்பு விதி அனுமதிக்கிறது. காகிதத்தில் பார்த்தால் சொகுசான குழாய்.

அதே கணக்கில் சுவர்க் கனத்தைப் பாதியாக்குங்கள். தகைவு 30,880 ஆகிவிடும். இதுவும் முழுக் கதை ஆகாது. சேர்ந்திருப்பது வெளிப்பாதி மட்டும் என்பதால் இழுவிசை சுவரின் நடுவில் போகாமல் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அதனால் அந்த இடத்தில் வளைவும் சேர்ந்துகொள்ளும், அந்த வளைவு சேராத பிளவின் வாயை இன்னும் திறக்கும். எஃகும் 42,000 தராத எஃகு. சொகுசு எல்லாம் போய்விட்டது.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. பலம் குறைந்த இடம் வேறு, கூரான முனையுள்ள பிளவு வேறு. ஜவுளிக்கடையில் துணி கிழித்துத் தருபவர் விளிம்பில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுப்பார், சரசரவென்று நேராகக் கிழிந்துவிடும். வெட்டுப் போடாமல் அதே துணியைக் கிழிக்க முயன்றால் கை வலிக்கும். துணி அதே துணிதான், வெட்டின் முனையில்தான் விசை குவிகிறது. எஃகிலும் விரிசல் முனையின் தீவிரம் தகைவுக்கு நேர்விகிதத்திலும், விரிசல் ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். அந்தத் தீவிரத்தை எஃகு எந்த அளவு வரை தாங்கும் என்பதுதான் அதன் டஃப்னஸ்.

ஆக, குறையுள்ள குழாய் இரண்டு விதமாகத் தோற்கலாம். மிச்சமிருக்கும் உலோகம் மொத்தமாக இளகிப் பிதுங்கி விட்டுக்கொடுக்கலாம். அல்லது அதற்கு முன்பே விரிசல் முனை பாய்ந்து ஓடலாம். நிஜத்தில் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடக்கும். பிரிட்டனின் மின் உற்பத்தி வாரியம் 1976இல் ஆர்6 என்ற முறையைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். ஒரு வரைபடம். குறுக்கு அச்சில், மிச்ச உலோகம் இளகுவதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. நெட்டு அச்சில், விரிசல் முனையின் தீவிரம் டஃப்னஸில் எத்தனை பங்கு என்பது. நடுவில் ஒரு வளைகோடு. உங்கள் குறைக்கான புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுந்தால் தாங்கும், வெளியே போனால் தாங்காது. பிறகு வந்த பி.எஸ். 7910, ஏ.பி.ஐ. 579 என்ற விதித்தொகுப்புகள் எல்லாம் இதே வரைபடத்தின் வாரிசுகள்தான். வெல்டிங்கில் சூடு ஆறும்போது உள்ளேயே தங்கிவிடும் தகைவும் நெட்டு அச்சில் சேரும். அழுத்தமே இல்லாதபோதும் அது அங்கே இருக்கும். சில நேரம் இளகுநிலை அளவுக்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடச் சொல்கிறார்கள்.

குழாய்க்கென்றே தனியாக வந்த வழி அமெரிக்காவின் ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்து பட்டேல் ஆய்வகத்தில் பிறந்தது. நிஜப் பைப்புகளில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டி, அழுத்தம் ஏற்றி, வெடிக்கவைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த சமன்பாட்டின் வம்சத்தில்தான் 1984இல் வந்த பி31ஜி என்ற விதி இருக்கிறது. இன்றைக்கும் துருப்பிடித்த பைப்புக்கு உலகம் முழுக்க அதைத்தான் போடுகிறார்கள். அது விரிசலுக்கு இல்லை, டஃப்னஸ் குறைந்த சீமுக்கும் இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் சீம் மேல் ஓடிய துருவுக்கு பி31ஜி போட்டு 'பாஸ்' என்று பச்சை அடித்த எக்ஸெல் தாள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சூத்திரம் எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதுதான் அதில் உள்ள வம்பு.

வெல்டிங் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது சைட்டில் பைப்பையும் பைப்பையும் சேர்க்கும் வட்ட ஜாயிண்ட். ரூட் பாஸ், ஃபில்லிங், கேப்பிங், எக்ஸ்ரே, ஃபிலிமைப் பார்த்து 'ரிப்பேர்' என்று சாக்பீஸில் எழுதுவது, இதெல்லாம் அந்த ஜாயிண்டுக்குத்தான். உள் அழுத்தம் மட்டும் என்றால் வட்ட ஜாயிண்டை இழுக்கும் தகைவு நீளச் சீமை இழுப்பதில் பாதிதான். மண்ணுக்குள் நீள முடியாமல் புதைந்திருந்தால் அதைவிடவும் குறைவு. ஒரே அளவு லேக் ஆஃப் ஃபியூஷன் (உருகிச் சேராத குறை) வட்ட ஜாயிண்டில் ஐம்பது வருடம் சும்மா கிடக்கும், நீளச் சீமில் ஆளைக் கொல்லும்.

வட்ட ஜாயிண்டுக்கு எமன் வெளியே இருக்கிறது, மண். மலைச்சரிவு நகர்ந்தால் அத்தனை இழுப்பும் ஜாயிண்டில் வந்து சேரும். மியான்மரிலிருந்து சீனாவுக்குப் போகும் எரிவாயுக் குழாய், குய்சோ மாகாணத்தின் சிங்லோங் வட்டாரத்தில் 2017 ஜூலையில் உடைந்தது, 2018 ஜூனில் அதே வட்டாரத்தில் மறுபடியும் உடைந்தது. எக்ஸ்80 என்ற உயர்பலப் பைப், புதுசு, இரண்டு தடவையும் விட்டுக்கொடுத்தது வட்ட ஜாயிண்ட். பைப்பின் பலம் கூடக் கூட ஜாயிண்ட் அதற்கு ஈடுகொடுப்பது கஷ்டமாகிறது. பைப் நீளாமல் விறைப்பாக நின்றால், நீள வேண்டிய பாரம் முழுக்க அந்த ஒரு அங்குல வெல்டின் தலையில் விழுகிறது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம், இத்தோடு விடுகிறேன்.

சான் புரூனோ சீம் 54 வருடம் எப்படித் தாங்கியது? உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது மூன்று கட்டங்கள் தெரிந்தன. சேராத வேர்ப்பகுதியின் முனையிலிருந்து முதலில் உலோகம் இழுபட்டுக் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அதன் முனையிலிருந்து அழுத்தம் ஏறி இறங்க ஏறி இறங்கச் சோர்வு விரிசல் மெதுவாக வளர்ந்திருக்கிறது. கடைசியில் ஒரே பாய்ச்சல். சோர்வு விரிசல் வளரும் வேகத்துக்கு பாரிஸ் என்பவரின் விதி இருக்கிறது. எஃகுக்கு அதன் அடுக்கு சுமார் 3. அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் வளர்ச்சி எட்டு மடங்காகும். எண்ணெய்க் குழாய்களில் பம்பு ஓடி ஓடி நிற்பதால் ஏற்ற இறக்கம் அதிகம். எரிவாயுக் குழாயில் குறைவு, எனவே சோர்வைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பது இந்தத் துறையின் பழைய நம்பிக்கை. நல்ல அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) கண்ட குழாய்க்கு அது சரியும்கூட. இந்தக் குழாய்க்கு ஹைட்ரோ டெஸ்ட் நடந்ததாகப் பதிவே இல்லை.

அன்று மாலை மில்பிடாஸ் முனையத்தில் யு.பி.எஸ். மாற்றும் வேலை நடந்தது. அதில் மின்சாரம் தடுமாறி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் முழுசாகத் திறந்துகொண்டன. லைன் 132இல் அழுத்தம் ஏறியது. 'யு.பி.எஸ். வேலையால் வெடித்தது' என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் குழாய்க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 400. வெடித்தது 386இல். ஓட்டலாம் என்று எழுதிவைத்த வரம்புக்குள்ளேயே உடைந்திருக்கிறது. யு.பி.எஸ். இல்லாவிட்டால் வேறொரு நாள் வேறொன்று.

அந்த 400 எப்படி வந்தது என்பதுதான் அறிக்கையில் என்னை மிகவும் கோபப்படுத்தும் இடம். அமெரிக்காவில் 1970இல் மத்திய அரசின் குழாய் விதிகள் வந்தபோது, புதுக் குழாய்களுக்கு அழுத்தச் சோதனை கட்டாயமானது. பழைய குழாய்களுக்கு விலக்கு. 1970 ஜூலைக்கு முந்தைய ஐந்து வருடத்தில் எந்த உச்ச அழுத்தத்தில் ஓட்டினீர்களோ அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். லைன் 132 1968இல் ஒரு நாள் 400 தொட்டிருந்தது. அதுவே அதன் தகுதிச் சான்றிதழ் ஆகிவிட்டது.

அப்புறம் 2003 முடிவில் இன்னொரு விதி வந்தது. மக்கள் நெருக்கமான இடங்களில், பைப் தயாரிப்பிலேயே வந்த குறைகளை 'நிலையானவை' என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடந்த ஐந்து வருடத்தில் ஓட்டிய உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சீமைப் பார்க்கக்கூடிய முறையில் சோதிக்க வேண்டும். எண்ணம் நல்லதுதான். கம்பெனி என்ன செய்தது? 2003 டிசம்பரிலும் 2008இலும் வேண்டுமென்றே லைன் 132இன் அழுத்தத்தை 400 வரை ஏற்றி இறக்கியது, அந்த ஐந்து வருட உச்சத்தைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள. சட்டத்தின் வரியை ஒழுங்காகப் பின்பற்றினார்கள். பாதிக் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்த வெல்டுக்கு இரண்டு பெரிய இழுப்பு கிடைத்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய காரணமும் தாளில் இல்லை. சீமே இல்லாத பைப்புக்கு எதற்குச் சீம் சோதனை?

பதிவில் உள்ள ஒரு சொல் அதற்குப் பின்னால் வரும் எல்லா முடிவையும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். இடர் மதிப்பீட்டு அட்டவணையில் அந்தப் பகுதிக்குச் சீமுக்கான மதிப்பெண் கிடையாது. அட்டவணையின் எடை முழுக்கப் பிறர் தோண்டிச் சேதப்படுத்துவதிலும் வெளித் துருவிலும் இருந்தது. ஆகவே வெளித் துருவைத் தேடும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். தரைக்கு மேலே நடந்து மின் அளவீடு எடுப்பது, சந்தேகமான இடத்தில் தோண்டிப் பார்ப்பது. நல்ல முறை, துருவுக்கு. சேராத சீம் அதில் தெரியவே தெரியாது. விட்டம் மாறிக்கொண்டே போகும் பழைய குழாய் என்பதால் உள்ளே 'பிக்' (குழாய்க்குள் ஓடிக்கொண்டே சுவரைச் சோதிக்கும் கருவி) அனுப்பவும் வழியில்லை. அனுப்பியிருந்தாலும் சாதாரணக் காந்தப் பிக் நீளவாக்கில் உள்ள மெல்லிய பிளவைத் தாண்டிப் போய்விடும். அதன் காந்தப்புலமே குழாயின் நீளத்தில்தான் ஓடுகிறது, அதே திசையில் கிடக்கும் பிளவு அதற்குக் குறுக்கே வராது. புலத்தைச் சுற்றுவாக்கில் செலுத்தும் கருவி வேண்டும், அல்லது திரவம் இல்லாமலே பைப் சுவருக்குள் ஒலியலையை எழுப்பும் ஈ-மேட் கருவி வேண்டும்.

எதைத் தேடுகிறோம் என்பதை வைத்துத்தான் எப்படித் தேடுவது என்று முடிவாகும். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நகரம் என்ற பெயருள்ள கிராமம் இருக்கிறது. 2014 ஜூன் 27 அதிகாலையில் அங்கே கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது துரு. ஈரமான வாயு உள்ளேயிருந்து தின்ற கதை. அங்கே காந்தப் பிக்குக்கு வேலை இருக்கும். சான் புரூனோவில் அதே பிக் போயிருந்தால் 'எல்லாம் நலம்' என்று திரும்பியிருக்கும்.

லைன் 132இன் சீம்கள் சந்தேகத்துக்குரியவை என்பதற்குத் தடயம் இல்லாமலும் இல்லை. 1988இல் அதே லைனில், வேறொரு பகுதியில் நீளச் சீமில் கசிவு வந்து பைப்பை மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தகவல் ஏதோ ஒரு கோப்பில் இருந்தது, இடர் மதிப்பீட்டுக்கு வந்து சேரவில்லை.

என் வேலையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரு குறைக்குக் கணக்குப் போட நாலு விஷயம் வேண்டும்: குறையின் அளவு, அதை இழுக்கும் தகைவு, எஃகின் பலம், டஃப்னஸ். குறையின் அளவு கருவியிலிருந்து வரும், பிழை எல்லையோடு வரும், அதனால் அதில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். தகைவும் பரவாயில்லை. எஃகின் பலம் மில் சான்றிதழிலிருந்து வர வேண்டும். பழைய குழாய்க்குச் சான்றிதழ் இருக்காது. 'அன்றைக்கு இதைத்தான் வாங்குவோம்' என்று ஒரு பெரியவர் சொன்னது எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். டஃப்னஸ் நிலை இன்னும் பரிதாபம். அதிலும் பைப் உடம்பின் டஃப்னஸைச் சீமுக்குப் போட்டுவிடுவார்கள், சீமுடையது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். இந்த நாலையும் போட்டு, மேலே புள்ளியியல் தூவி, 'கிலோமீட்டருக்கு வருடத்துக்கு லட்சத்தில் ஒன்று' என்று ஒரு நிகழ்தகவு வரும்போது எனக்குச் சிரிப்பு வரும். கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கு, குழாயின் அடையாளம் சரி என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. அந்த நிபந்தனை தப்பாக இருப்பதற்கான வாய்ப்பை யாரும் கூட்டிச் சேர்ப்பதில்லை. சான் புரூனோவில் அதுதான் மற்ற எல்லா எண்களையும்விடப் பெரிய எண்ணாக இருந்தது.

அதனால்தான் எனக்கு ஹைட்ரோ டெஸ்ட் மேல் ஒரு தனி மரியாதை. குழாயில் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைவிட ஒன்றேகால் மடங்கோ ஒன்றரை மடங்கோ ஏற்றிப் பிடித்து நிறுத்துவார்கள். எந்த ஆவணமும் தேவையில்லை. எக்ஸ்42ஆ, சீம்லெஸ்ஸா, எந்த மில் என்று அது கேட்காது. பைப்பிடமே நேராகக் கேட்கிறது, பைப் உண்மையைச் சொல்லிவிடும். தண்ணீர் அதிகம் சுருங்காது, அதனால் சேமித்துவைக்கும் ஆற்றல் குறைவு. பிளந்தால் தண்ணீர் பீறிடும், அழுத்தம் உடனே விழுந்துவிடும், ஊர் எரியாது. தாங்கிவிட்டால் அந்தச் சோதனை அழுத்தத்தில் உடையும் அளவுக்குப் பெரிய விரிசல் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதைவிடச் சின்னது இருக்கலாம். அந்தச் சின்னது ஓட்டும் அழுத்தத்தில் உடைவதற்கு இன்னும் எவ்வளவு வளர வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பதை பாரிஸ் விதி சொல்லும். அடுத்த சோதனைக்கான நாளும் அதிலிருந்தே வரும். சோதனை அழுத்தம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தவணை கிடைக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. லைனை நிறுத்த வேண்டும், ஊருக்கு வேறு வழியில் வாயு கொடுக்க வேண்டும், அப்புறம் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயவைக்க வேண்டும். சோதனையே சில விரிசல்களைக் கொஞ்சம் கிழித்துவிட்டு, உடைக்காமல் விட்டுவிடவும் வாய்ப்புண்டு. அந்தக் குழாய் அடுத்த தடவை முன்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் உடையும். அபூர்வம்தான், நடந்திருக்கிறது. இதையே காரணம் காட்டி ஹைட்ரோ டெஸ்ட் வேண்டாம் என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த வாதத்துக்குப் பின்னால் இருப்பது விரிசலைப் பற்றிய பயம் இல்லை, லைனை நிறுத்தும் செலவைப் பற்றிய பயம். 1956இல் சான் புரூனோ குழாயைத் தண்ணீர் விட்டுச் சோதித்திருந்தால் அந்தச் சீம் அன்றைக்கே மாட்டியிருக்கும் என்பதுதான் விசாரணையின் முடிவும்.

பிறகு நடந்தவை. விசாரணை முடிவதற்கு முன்பே, 2011 ஜனவரியில் வாரியம் ஒரு அவசரப் பரிந்துரை விடுத்தது: உச்ச அழுத்தத்துக்கு ஆதாரமான ஆவணங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிய வேண்டும், சரிபார்க்க முடிய வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும். கம்பெனி தன் கோப்புப் பெட்டிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு டேலி சிட்டியில் உள்ள கௌ பேலஸ் என்ற அரங்கத்துக்குக் கொண்டுபோனது. கச்சேரிகளும் ரோடியோவும் நடக்கும் இடம் அது. அங்கே மேசை போட்டு, ஆட்களை உட்காரவைத்து, அரை நூற்றாண்டுக் காகிதத்தைப் புரட்டித் தங்கள் குழாய் என்ன குழாய் என்று தேடினார்கள். 2015 ஏப்ரலில் மாநில ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. 2016 ஆகஸ்டில் குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக ஐந்து குற்றங்களிலும், விசாரணைக்குத் தடை போட்டதாக ஒரு குற்றத்திலும் நடுவர் குழு கம்பெனியைக் குற்றவாளி என்றது. அந்தக் குற்றங்களுக்கு நீதிமன்றம் போட்ட அபராதம் 30 லட்சம் டாலர். தனி ஆள் யாரும் சிறைக்குப் போகவில்லை.

மத்திய விதி மாற எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2019 அக்டோபரில் வெளியாகி 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. சோதனைப் பதிவு இல்லாத, அல்லது பழைய விலக்கில் ஓடும் குழாய்களில், மக்கள் நெருக்கமான இடங்களில் உள்ளவற்றுக்கு உச்ச அழுத்தத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். அழுத்தச் சோதனை செய்யலாம், அழுத்தத்தைக் குறைக்கலாம், பைப்பை மாற்றலாம், அல்லது நான் மேலே சொன்ன விரிசல் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டலாம். கணக்கு வழியில் போகிறவர்கள் பைப்பின் குணத்தை ஊகிக்க முடியாது. தோண்டும் ஒவ்வொரு குழியிலும் பைப்பைச் சோதித்து, மைலுக்கு ஒரு குழி என்ற கணக்கில் ஆதாரம் சேர்க்க வேண்டும். டஃப்னஸ் தெரியாவிட்டால் விதியே ஒரு எண் தருகிறது: பைப் உடம்புக்கு 13 அடி-பவுண்டு (ஒரு சின்ன மாதிரித் துண்டை உடைக்கத் தேவைப்படும் ஆற்றல்), சேராத சீம் மாதிரியான குறைகளுக்கு 4. நாலு அடி-பவுண்டு என்பது ஏறக்குறையக் கண்ணாடி. இந்த எண்ணைப் போட்டால் பல பழைய சீம்கள் வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே போய்விடும். போகட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். வெளியே போவது பிடிக்காதவர்கள் தோண்டி, வெட்டி, சோதித்து உண்மையான எண்ணைக் கொண்டுவரலாம். 2019 விதியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. தெரியாமல் இருப்பதற்கு முதல் தடவையாக ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

பிடிக்காத இடமும் உண்டு, அது கெடு. இந்தக் குழாய்களில் பாதியை 2028 ஜூலை 3க்குள் முடிக்க வேண்டும். மீதிப் பாதிக்கு 2035 ஜூலை 2 வரை நேரம் இருக்கிறது.